ஆட்டோ டியூனிங் இருக்கும்போது மோஷன் கன்ட்ரோல் பொறியாளர் எதற்கு?

கேள்வி: ஜூன் 2, மாலை 6.15, திருப்பூரிலிருந்து ஒரு மாணவர்

மெக்கட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். ரோபோக்களின் அசைவைக் கட்டுப்படுத்தும் மோஷன் கன்ட்ரோல் பொறியாளராக வேண்டும் என்பது என் எண்ணம். பயிற்சிக்குச் சென்ற இடத்தில் சர்வோ டிரைவில் (மோட்டாரைச் சொன்னபடி இயக்கும் மின்னணுப் பெட்டி) ஒரு பொத்தானை அழுத்தியதும், அதுவே மோட்டாரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து எல்லா கெயின்களையும் (பிழையைக் கண்டால் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்கள்) நிரப்பிக்கொண்டது. அங்கிருந்த பொறியாளர் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இனி இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுமா, அல்லது நானும் மென்பொருள் பக்கம் போய்விடலாமா?

பதில்: ஜூன் 2, இரவு 9.50

பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற பொறியாளர்கள் எங்கள் கோவையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன இயந்திரங்களைச் சரிசெய்தே நான் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன். ஆகவே ஆள் தேவைப்படும்.

ஆட்டோ டியூனிங் பொய்யன்று. டிரைவ் மோட்டாரைச் சற்று அசைத்து, எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கொடுத்தால் எவ்வளவு முடுக்கம் கிடைக்கிறது என்று பார்த்து, மோட்டார் தண்டில் தொங்கும் நிலைமத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற கெயின்களை எழுதிக்கொள்கிறது. ஆனால் அது பார்த்தது அந்த நிமிடத்து இயந்திரத்தை மட்டுமே. ரோபோவின் கை மடங்கியிருந்தபோது பொத்தானை அழுத்தியிருந்தால், அதே கை இரு மடங்கு நீண்டு நிற்கும்போது நுனியிலுள்ள சுமையின் நிலைமம் நான்கு மடங்காகிவிடும். வெறும் பிடிப்பானோடு டியூன் செய்துவிட்டு மறுநாள் பதினோரு கிலோவைத் தூக்கச் சொன்னால், இயந்திரம் வேறு, கெயின்கள் வேறு என்றாகிவிடும். சுமையின் நிலைமம் மோட்டாரின் நிலைமத்தைப் போல 5 மடங்குக்கு மேல் போகவே கூடாது என்பது நான் கற்ற விதி. அதைக் கடைப்பிடித்தாலே தொல்லைகளில் பாதி குறையும்.

ஜூன் 3, காலை 7.20

நேற்று எழுதியதில் அடிப்படையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சர்வோவில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் (அளந்து, ஒப்பிட்டுத் திருத்தும் சுற்றுகள்) இருக்கின்றன. உள்ளே இருப்பது மின்னோட்ட வளையம். அது விநாடிக்குப் பத்தாயிரம் முறைக்கும் மேல் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதைச் சுற்றி வேக வளையம், அதற்கும் வெளியே நிலை வளையம். வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட நிதானமாக இருந்தாக வேண்டும். உள்வளையம் சொன்னதைச் செய்து முடிப்பதற்குள் வெளிவளையம் அடுத்த கட்டளையைப் போட்டால், இரண்டும் சண்டையிட்டு மோட்டார் உறுமத் தொடங்கும். எனவே டியூனிங் எப்போதும் உள்ளிருந்து வெளியே போகும்.

நிலை வளையத்தில் வெறும் பெருக்கல் கெயின் மட்டும் இருந்தால், ஓடும் கை கட்டளைக்குப் பின்னால்தான் ஓடும். கெயின் விநாடிக்கு 50 என்றும், வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றும் கொண்டால் பின்தங்கல் 2 மி.மீ. ஒரே அச்சாக இருந்தால் அதனால் பெரிய கேடில்லை. ஆனால் எக்ஸ், ஒய் என்று இரண்டு அச்சுகள் சேர்ந்து வட்டம் போடும்போது, இரண்டின் கெயினும் ஒன்றாக இல்லாவிட்டால் வட்டம் 45 பாகை சாய்ந்த நீள்வட்டமாகிவிடும். பம்ப் உறையின் விளிம்பில் சீலன்ட் பூசும் இயந்திரம் ஒன்றில் இதை நான் கண்ணால் பார்த்தேன். பசை ஒரு மூலையில் போல்ட் துளைக்குள் வழிந்தது, எதிர்மூலையிலும் அப்படியே. மேசை கோணலாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் ரசமட்டத்தோடு அலைந்தோம். கோணல் மேசையில் இல்லை. ஓர் அச்சை மட்டும் யாரோ தனியாக ஆட்டோ டியூன் செய்திருந்தார்கள்.

ஜூன் 3, காலை 11.05

ஈரோட்டு நண்பர் சுட்டிக்காட்டியது சரி. 1000 மி.மீ.யை 50ஆல் வகுத்தால் 20 மி.மீ. வரும், 2 மி.மீ. அன்று. காலைக் காப்பிக்கு முன் எழுதிய கணக்கு. 20 மி.மீ. பின்தங்கல் என்பது பயமுறுத்தும் எண்தான். அதனால்தான் வேகக் கட்டளையை நேரடியாக வேக வளையத்துக்கே முன்கூட்டி ஊட்டும் ஃபீட் ஃபார்வர்டு என்ற வழி இருக்கிறது. நன்றாக அமைத்தால் பின்தங்கல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஜூன் 7, இரவு 10.30

கெயின் என்ற சொல்லையே எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பதால், கெயினே காரணமாக இல்லாத ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலை. நூல் கோன்களை (காகிதக் கூம்பில் சுற்றிய நூல்) எடுத்து அடுக்கும் கான்ட்ரி ரோபோவை (மேலே சட்டத்தில் ஓடி, கையைக் கீழே தொங்கவிடும் வகை) நிறுவியிருந்தோம். ஒரு கோன் 1.89 கிலோ, இருபத்து நான்கு கோன் சேர்ந்தால் 45.36 கிலோ, அதாவது பழைய 100 பவுண்டு மூட்டைக் கணக்கு. எங்கள் பிடிப்பான் ஒரு முறைக்கு ஆறு கோன்களைக் காகிதக் கூம்பின் உட்புறமாகப் பிடித்து, 2.4 மீட்டர் கொண்டுபோய் வைக்க வேண்டும். கொண்டுபோனது; நின்றது; நின்ற பிறகு நுனி ஐந்தாறு முறை ஆடியது. ஆட்டம் அடங்கும்வரை 0.6 விநாடி காத்திருக்கும்படி நிரல் எழுதியிருந்தோம். ஆலை உரிமையாளர் அரை மணி நேரம் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, உங்க ரோபோ தலையாட்டிட்டே நிக்குதுங்களே, சரிங்குதா, வேண்டாங்குதா?” என்று கேட்டார்.

நான் கெயினை ஏற்றினேன், இறக்கினேன், நாட்ச் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட அதிர்வை மட்டும் அடக்கும் வடிகட்டி) போட்டேன். ஒன்றும் மாறவில்லை. மாறாததற்குக் காரணம் மறுநாள்தான் உறைத்தது. நிலையை அளக்கும் என்கோடர் மோட்டாரில் இருக்கிறது, மோட்டார் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிறது, ஆடுவது 1.4 மீட்டர் கீழே தொங்கும் கை. டிரைவைப் பொறுத்தவரை பிழை சுழியம். தெரியாத ஒன்றை அது எப்படித் திருத்தும்?

கைக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் வீதம் மெதுவோட்டக் காணொளி எடுத்தேன். நுனி ஒரு முறை போய்த் திரும்புவதற்கு 48 படங்கள், அதாவது 200 மில்லி விநாடி. எங்கள் முடுக்க நேரம் 130 மில்லி விநாடியாக இருந்தது. அதைச் சரியாக 200 ஆக்கினேன், வேக இறக்கத்தையும் 200 ஆக்கினேன். ஆட்டம் நின்றுவிட்டது. ஒரு முழு அலைவுக் காலம் சீராக முடுக்கினால், முதல் பாதியில் பின்னுக்குச் சாய்ந்த கை, இரண்டாம் பாதியில் தானே திரும்பி, முடுக்கம் முடியும் கணத்தில் நேராக நிற்கிறது. எஞ்சும் அலைவு இல்லை. நகர்வுக்குக் கூடுதலாக ஆனது 70 மில்லி விநாடி, மிச்சமானது 600.

முடுக்கத்தையே மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் எஸ் வளைவு போட்டால் ஆட்டம் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். வளைவு போட்டால் மட்டும் போதாது. அதன் நீளமும் அந்த அலைவுக் காலத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாத எஸ் வளைவினால் இயந்திரம் மெதுவாகும், ஆட்டம் முழுதாகப் போகாது.

ஜூன் 8, காலை 8.00

நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தூக்குப்போசியில் கொஞ்சம் அரிசியைப் போட்டு, பிடிக்கும் இடத்திலிருந்து அதன் நடுப்பகுதி 25 செ.மீ. கீழே வருமாறு கயிற்றில் தொங்கவிடுங்கள். அலைவுக் காலம் ஏறக்குறைய ஒரு விநாடி. கையைச் சீராக ஒரு விநாடி முடுக்கி, பிறகு அதே வேகத்தில் நடந்தால் போசி ஆடாமல் வரும். அரை விநாடியில் அதே வேகத்தை எட்டினால் நடக்கும் வழியெல்லாம் ஆடும்.

ஜூன் 8, மாலை 5.40

மனிதக் கையால் சீராக முடுக்குவது எளிதன்று என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். கூடத்தில் பன்னிரண்டு முறை போசியோடு நடந்தேன். இரண்டு முறை சரியாக வந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அரிசியை மட்டும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் 11, இரவு 9.15

ஜூன் 7ஆம் தேதிக் குறிப்பில் வெற்றிக்கதையின் பாதியைத்தான் சொன்னேன். மறு வாரமே ஆலையிலிருந்து அழைத்தார்கள்: சுமையோடு போகும்போது ஆடவில்லை, வெறுங்கையோடு திரும்பி வரும்போது ஆடுகிறது, பிடிப்பான் காகிதக் கூம்பின் ஓரத்தைக் குத்திவிடுகிறது. உண்மைதான். ஆறு கோன்களின் 11.34 கிலோ இறங்கியதும் கையின் அலைவுக் காலம் குறைந்துவிடுகிறது. மறுபடியும் காணொளி எடுத்துப் பார்த்ததில் 155 மில்லி விநாடி. போகும்போது ஒரு முடுக்க நேரம், வரும்போது வேறொன்று என்று இரண்டு தொகுப்புகள் எழுதினோம். இப்போது பிடிப்பானில் எத்தனை கோன் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நேரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அலைவுக் காலம் எடையின் வர்க்கமூலத்தோடு மாறும் என்று கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நானும்.

ஜூன் 15, ஞாயிறு

அந்த இரண்டு தொகுப்புகளைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா சிரித்தார். அவர் சிங்காநல்லூர்ப் பக்கம், நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்த பிறகு பெருகிய ஆலைகளில் ஒன்றில், பிட்டராக இருந்தவர். ஸ்பீடு பிரேமில் இதையெல்லாம் பல் சக்கரத்தை மாற்றியே செய்தோம் என்றார்.

அவர் சொன்னதை விளக்க வேண்டும். ஸ்பீடு பிரேம் என்பது நூற்பதற்கு முந்தைய படி. அதில் முன் உருளைகள் ரோவிங்கை, அதாவது நூலாவதற்கு முந்தைய தடித்த இழையை, ஒரே வேகத்தில் வெளியே தள்ளுகின்றன. பாபினில் அடுக்கு ஏற ஏற அதன் விட்டம் பெருக்கிறது. அதே சுற்றுவேகத்தில் சுற்றினால் ரோவிங் இழுபட்டு மெலியும், அல்லது அறும். ஆகவே விட்டம் கூடும் அளவுக்குச் சுற்றும் வேகம் குறைந்தாக வேண்டும். பழைய இயந்திரத்தில் இதற்கு எதிரெதிராக இரண்டு கோன் டிரம்கள் இருக்கும். அவற்றின் உடல் நேர்க்கோட்டுக் கூம்பு அன்று. ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் அதிபரவளைய வடிவில் கடைந்திருப்பார்கள். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் ராட்செட் என்ற பல் சக்கரம் இரு டிரம்களையும் இணைக்கும் பெல்ட்டை ஒரு சிறு அளவு நகர்த்தும். வேகமும் விட்டமும் ஒன்றுக்கொன்று தலைகீழ் விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற சமன்பாட்டை இரும்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். கவுண்ட் (இழையின் பருமனைக் குறிக்கும் எண்) மாறினால் ராட்செட் சக்கரத்தை மாற்ற வேண்டும். பற்களின் எண்ணிக்கையை உளியால் பொறித்த சக்கரங்களை அப்பா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருப்பார்.

இன்றைய ஸ்பீடு பிரேம்களில் கோன் டிரம் போய்த் தனித்தனி சர்வோக்கள் வந்துவிட்டன. நாம் எலக்ட்ரானிக் கேம் என்று பெருமையாகச் சொல்வது அந்த டிரம்மின் வளைவை அட்டவணையாக எழுதியதுதான். தம்பி, ஆட்டோ டியூனிங் அந்த அட்டவணையை உங்களுக்கு எழுதித் தராது. எவ்வளவு நகர வேண்டும், எதைச் சார்ந்து நகர வேண்டும் என்பதை இயந்திரம் செய்யும் தொழிலைத் தெரிந்த ஒருவர் சொல்லியாக வேண்டும். சொன்னதை மோட்டார் கேட்கிறதா என்பதை மட்டுமே டியூனிங் பார்க்கிறது.

ஜூன் 19, இரவு 11.10

என் தவறு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. செங்குத்து அச்சு, மோட்டாரில் பிரேக் இருந்தது. எமர்ஜென்சி பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கை சுமார் 3 மி.மீ. இறங்கியது. பிரேக் தேய்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதி, புது மோட்டார் வரவழைத்தேன். புது மோட்டாரும் 3 மி.மீ. இறங்கியது.

பிரேக் என்பது சுருளில் மின்சாரம் நின்ற பிறகு ஸ்பிரிங் வந்து பிடிப்பது. அதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகும். நான் பிரேக்குக்கான கட்டளையையும் சர்வோவை விடுவிக்கும் கட்டளையையும் ஒரே கணத்தில் கொடுத்திருந்தேன். பிரேக் இன்னும் பிடிக்கவில்லை, மோட்டாரோ விட்டுவிட்டது. தடையின்றி விழும் பொருள் 30 மில்லி விநாடியில் 4.4 மி.மீ. இறங்கும், உராய்வும் சுழலியின் நிலைமமும் கொஞ்சம் தாங்கியதால் 3 ஆனது. கூரை சாய்ந்த பிறகு முட்டுக்கொடுத்த கதை. பிரேக் பிடிக்கும்வரை சர்வோவைத் தாங்கி நிற்கச் சொல்லும் ஓர் அளவுரு டிரைவில் இருந்தது. அதன் மதிப்பு சுழியம். அதை 80 ஆக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. திருப்பி அனுப்பிய நல்ல மோட்டாருக்கான விலையை நிறுவனம் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் ஓராண்டு வரை எல்லோரும் கேட்டார்கள்.

ஜூன் 20, காலை 7.45

என்ன கணிதம் வேண்டும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் படி வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் மாற்றம், அணிகள். ரோபோ கைக்கு டெனாவிட்டும் ஹார்ட்டன்பெர்கும் 1955இல் தந்த அச்சுக் குறியீட்டு முறையை ஒரு முறையாவது கையால் எழுதிப் பாருங்கள்.

பிஐடி என்ற கட்டுப்பாட்டு முறை எங்கிருந்து வந்தது என்றும் ஒருவர் கேட்டார். கப்பலின் சுக்கான் பிடிப்பவர்களிடமிருந்து. மினோர்ஸ்கி என்பவர், நல்ல சுக்கானி இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை, இதுவரை சேர்ந்த விலகலையும், விலகும் வேகத்தையும் சேர்த்தே திருப்புகிறான் என்று கவனித்து 1922இல் அதைக் கணிதமாக எழுதினார். ஜீக்லர், நிக்கோல்ஸ் இருவரின் டியூனிங் விதிகள் 1942இல் வந்தன. அந்த விதிகளை ரோபோவில் அப்படியே போடாதீர்கள். அவை கொஞ்சம் அலைவை அனுமதிப்பவை. கோன் அடுக்கும் கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஜூன் 28, மாலை 6.30

கோளாறு எப்போதும் கட்டுப்பாட்டில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கோன் அடுக்கும் ரோபோவின் 17 பிட் என்கோடர் ஒரு சுற்றை 1,31,072 பங்காகப் பிரித்துக் காட்டும். அதே இயந்திரத்தின் ஹோம் சென்சார் (தொடக்கப் புள்ளியைக் காட்டுவது) ஒளியால் பார்க்கும் வகை. ஆலையில் பறக்கும் பஞ்சு அதன் மேல் ஒரு சிட்டிகை படிந்ததும், வீடு வந்துவிட்டது என்று 6 மி.மீ. முன்னாலேயே சொல்லிவிட்டது. அன்றைக்கு எல்லாக் கோன்களும் 6 மி.மீ. தள்ளியே இறங்கின, மிகத் துல்லியமாக, ஒவ்வொரு முறையும் அதே 6 மி.மீ. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவது வேறு, சரியான இடத்துக்கு வருவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இண்டக்டிவ் சென்சார் போட்டோம். அது உலோகத்தைத்தான் பார்க்கும், பஞ்சைப் பார்க்காது.

டிரைவ் பேனலின் விசிறி வலையிலும் பஞ்சுதான். வெப்ப அலாரம் மதியம் இரண்டரைக்கு வந்தால் நிரலைத் திறக்காமல் வலையைத் திறந்து பாருங்கள்.

ஜூலை 5, இரவு 10.00

சேலத்திலிருந்து எழுதியவரோடு ஒரு வாரமாகத் தனியாக வாதாடினேன், தோற்றேன். நான் ஜூன் 2இல் சொன்ன 5 மடங்கு விதியை அவர் ஏற்கவில்லை. கியர் இல்லாமல் மோட்டாரையே சுமையோடு இறுகப் பூட்டிய மேசைகளில் பல பத்து மடங்கு நிலைமம் இருந்தும் நன்றாக ஓடுவதைக் காட்டினார். அவர் சொல்வதே சரி. விகிதம் தன்னளவில் குற்றவாளி அன்று. மோட்டாருக்கும் சுமைக்கும் நடுவில் நெகிழும் பொருள் ஏதாவது இருக்கும்போதுதான் அது குற்றவாளியாகிறது. தளர்ந்த பெல்ட், மெலிந்த கப்ளிங் (தண்டுகளை இணைக்கும் துண்டு), பிளே (பற்களுக்கிடையே தளர்வு) உள்ள கியர், இவற்றோடு சேர்ந்த 10 மடங்கு தொல்லை. இறுகிய பூட்டில் 30 மடங்கு தொல்லையில்லை. நான் பெல்ட் இயந்திரங்களோடே வளர்ந்ததால் அந்த விதி எனக்கு எப்போதும் உண்மையாகப் பட்டது.

ஒன்று மட்டும் நிற்கிறது. 1:10 கியர் போட்டால் மோட்டாருக்குத் தெரியும் சுமை நிலைமம் நூறில் ஒரு பங்காகும். ஆனால் அந்தக் கியர் கொண்டுவரும் பிளேயை டயல் கேஜ் வைத்துக் கையால் அசைத்து நீங்களே அளந்து பார்க்க வேண்டும். பட்டியலில் போட்டிருக்கும் எண் கியர் புதிதாக இருந்த நாளுடையது.

ஜூலை 12, காலை 9.30

ரோபோவுக்கு அசைவுகளைக் கற்பிக்கும் கைப்பெட்டியான டீச் பென்டன்ட்டின் எனேபிளிங் சுவிட்சை டேப் சுற்றி அழுத்தி வைத்திருந்த ஒரு பட்டறையை நேற்று பார்த்தேன். அது பாதி அழுத்தினால் ஓடும், விட்டாலும் நிற்கும், பயந்து இறுக்கினாலும் நிற்கும். அதற்காகவே மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். கற்பிக்கும்போது கை விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பதும் அந்தக் காரணத்தால்தான், ஆள் விலக நேரம் வேண்டும். டேப்பைப் பிரிக்கும்வரை நான் வேலை தொடங்கவில்லை. உரிமையாளருக்கு என் மேல் வருத்தம்.

ஜூலை 26, இரவு 8.20

கேள்வி கேட்ட மாணவர் மறுபடி எழுதியிருக்கிறார். தேநீர் குடிக்கப் போன பொறியாளரிடம், திரும்பி வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். இயந்திரத்தைக் காலையில்தான் கிளப்பினார்களாம். கியர்பாக்ஸில் கிரீஸ் ஆறிக் கெட்டியாக இருந்ததாம். முதல் ஆட்டோ டியூனிங் வெறும் ஓட்டிப் பார்ப்பதற்கு. அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓடவிட்டு, கியர்பாக்ஸ் கைக்குச் சூடாகத் தெரிந்த பிறகு, கையை முழுதாக நீட்டி, சுமையும் ஏற்றி, மறுபடி டியூன் செய்து, வந்த கெயின்களில் இரண்டைக் கையால் குறைத்தாராம். அந்த அரை மணி நேரத்தில்தான் தேநீர்.

ஜூன் 2 இரவு அவரைப் பற்றி எழுதிய முதல் இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தம்பி, அவர் குறைத்த இரண்டு கெயின்கள் எவை, எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். பல்லடத்து ரோபோவில் காலை ஷிப்டில் மட்டும் ஒரு முனகல் இருக்கிறது.